கேட்டதும் சொன்னதும்: கூரை மேல் வயலின், தெருவில் மாடல் டி

சென்ற இதழில், மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் நடக்கும் பழைய கார் திருவிழாவைப் பற்றி எழுதும்போது, அலுவலக நண்பர் ஒருவரின் கதையையும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷ் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர். அவர் ஓய்வு பெற்ற நாளில் நாங்கள் மார்க் ஷகாலின் ஓவியக் காலண்டர் ஒன்றைப் பரிசளித்தோம். பிரித்துப் பார்த்தவர், "யிட்டிஷ் பேசிய வீட்டுப் பிள்ளைக்கு மறுபடியும் கூரை, மறுபடியும் வயலினா!" என்று சிரித்தார். காருக்கு வந்த கடிதங்களுக்கு ஈடாக அந்த வயலினுக்கும் வந்து குவிந்துவிட்டன. காலமெல்லாம் பிரேக் வடிவமைத்துச் சம்பளம் வாங்கியவனிடம் கேட்கிற கேள்விகளா இவை என்று ஆசிரியரிடம் முறையிட்டுப் பார்த்தேன். "ஆரம்பித்தது நீங்கள்தானே?" என்றுவிட்டார்.

யூதர்கள் நிஜமாகவே கூரை மேல் ஏறி வயலின் வாசித்தார்களா சார்? (வாசகர், விருதுநகர்)

ஒழுகினால் ஏறியிருப்பார்கள். வயலினோடு ஏறியது ஷகாலின் தூரிகையில்தான். இன்றைய பெலாரூஸில் இருக்கும் வீட்டெப்ஸ்க் நகரத்துக்காரர் அவர், 1887 இல் பிறந்தவர். வீட்டை விடப் பெரிய வயலின்காரன், பச்சை முகம், காலடியில் சின்னச் சின்ன வீடுகள் என்று திரும்பத் திரும்ப வரைந்தார். தன் வரலாற்றில் வேறொரு வேடிக்கையும் எழுதியிருக்கிறார். ஒரு பண்டிகை நாளில் தாத்தாவைக் காணவில்லை என்று ஊரே தேட, மனிதர் கூரை மேல் உட்கார்ந்து கேரட் தின்றுகொண்டிருந்தாராம். கேரட்டை வைத்து யாரும் நாடகம் போடவில்லை.

1964 இல் நியூயார்க் பிராட்வேயில் ஓர் இசை நாடகம் வந்தது. அதற்குக் ‘கூரை மேல் வயலின்காரன்’ என்று பெயர் வைக்கும் யோசனை ஷகாலின் ஓவியங்களிலிருந்து பிறந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது. 1971 இல் திரைப்படமானது. நீங்கள் பார்த்திருந்தால் அந்தப் படமாகத்தான் இருக்கும். இயக்கியவர் நார்மன் ஜூவிசன். பெயரில் ‘ஜூ’ இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், அவர் கனடாவைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். படத்தில் வரும் ருஷ்யக் கிராமமும் ருஷ்யா இல்லை. யூகோஸ்லாவியாவில் எடுத்தது.

மூலக்கதை ஷோலம் அலெய்க்கம் என்ற எழுத்தாளர் 1894 முதல் இருபது ஆண்டுகளுக்குமேல் யிட்டிஷில் விட்டுவிட்டு எழுதியது. அதில் வயலின்காரனே கிடையாது. டெவ்யே என்ற பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, வேத வசனத்தைப் பாதி சரியாகவும் பாதி கோணலாகவும் மேற்கோள் காட்டியபடி எழுத்தாளரிடம் தன் பெண்களின் கதையைச் சொல்வார். அவ்வளவுதான் அமைப்பு. அடி விழுவது அங்கேதான். ஒரு பெண் தண்ணீரில் விழுந்து உயிரை விடுகிறாள். மூத்த மாப்பிள்ளை, தையல்காரர், காசநோயில் போய்ச் சேருகிறார். மனைவியும் இறந்துவிடுகிறாள். நாடகத்தில் இவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். கடைசியில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு மூட்டை கட்டுகிறார் டெவ்யே. மூலத்தில் அவருக்குப் போக்கிடமே இல்லை.

நாடகக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாட்டுகள் எனக்கும் பிடிக்கும். ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள், ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்காகப் போட்டது அது. ஏங்குவதற்கு ஒரு கிராமம் தேவைப்பட்டது, கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கிராமத்தை வரலாறு என்று நாம் எடுத்துக்கொண்டதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

அப்படியானால் நிஜத்தில் எப்படி வாழ்ந்தார்கள்? புகைப்படங்களில்கூட ஏழைகளும் தாடிக்காரர்களும்தானே இருக்கிறார்கள்? (வாசகி, ஈரோடு)

அந்தப் புகைப்படங்களை எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்று முதலில் பார்த்துவிடலாம் அம்மா. அவற்றில் மிகப் புகழ்பெற்றவை ரோமன் விஷ்ணியாக் எடுத்தவை. ருஷ்யாவில் பிறந்து பெர்லினில் குடியிருந்தவர். 1930களின் நடுவில் அமெரிக்க யூத நிவாரண அமைப்பு ஒன்று அவரைக் கிழக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பியது. நிதி திரட்ட வேண்டும், அதற்கு வறுமையைக் காட்டும் படங்கள் வேண்டும். எடுத்துக் கொடுத்தார். நிலவறை வீட்டுக் குழந்தைகள், பனியில் கூனிக் குறுகி நடக்கும் முதியவர்கள், ஏட்டின்மேல் கவிழ்ந்திருக்கும் மாணவர்கள். சில ஆண்டுகளிலேயே அந்த மக்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். நிதிக்காக எடுத்த படங்கள் நினைவுச் சின்னங்கள் ஆகிவிட்டன. அவருடைய பெட்டிகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, நவநாகரிக உடை, கடைவீதி, சிரித்த முகம் என்று அச்சுக்குப் போகாத படங்களும் கிடைத்தன. எடுத்த கை ஒன்றுதான், தேர்ந்தெடுத்தது மட்டும் ஒரு பக்கமாகப் போய்விட்டது.

என் நண்பரின் தாத்தா போலந்தின் வூச் நகரத்தில் துணி ஆலைத் தொழிலாளி. எங்கள் பக்கத்து வார்த்தையில் சொன்னால் மில்லு வேலை. புகைபோக்கி, சங்கு, ஷிஃப்ட், சங்கம், வேலைநிறுத்தம் எல்லாம் உண்டு. அந்த ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். வார்சாவில் போருக்கு முன் மூன்றரை லட்சம் யூதர்கள். அங்கே காலையில் எழுந்தால் யிட்டிஷ் நாளிதழ்களே ஒன்றுக்கொன்று போட்டி. ‘ஹைன்ட்’ 1908 இல் தொடங்கியது, ‘மொமென்ட்’ 1910 இல். இரண்டும் 1939 இல் ஹிட்லரின் படை வரும்வரை ஓடின. தொழில்முறை யிட்டிஷ் நாடகம் 1876 இல் ருமேனியாவின் யாஷ் நகரத்தில் அப்ரகாம் கோல்ட்ஃபாடன் தொடங்கியது. இன்று லித்துவேனியாவில் இருக்கும் வில்னா நகரத்தில் 1925 இல் யிவோ என்ற ஆய்வு நிறுவனம் வந்தது. யிட்டிஷ் மொழியிலேயே பொருளாதாரம், உளவியல், மொழியியல் எல்லாம் ஆராய்வோம் என்று கிளம்பியவர்கள். அதன் கௌரவ உறுப்பினர்களில் ஐன்ஸ்டைனும் ஃப்ராய்டும் உண்டு. சோவியத் பெலாரூஸில் 1920களில் யிட்டிஷ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருந்தது. அதே சோவியத் அரசுதான் 1952 ஆகஸ்ட் 12 அன்று பெரெட்ஸ் மார்க்கிஷ், டேவிட் பெர்கெல்சன் முதலான யிட்டிஷ் எழுத்தாளர்களைச் சுட்டுக் கொன்றது.

சிற்றூர்களும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஷ்டெட்ல் என்பார்கள். கிராமம் என்று நாம் நினைப்பது தப்பு, பெரும்பாலும் சந்தைப்பேட்டை. திங்களோ வியாழனோ சந்தை கூடும், குடியானவர்கள் தானியம் கொண்டுவருவார்கள், யூதர்கள் துணியும் இரும்புச் சாமானும் விற்பார்கள். அங்கிருந்தும் இளவட்டங்கள் ரயிலேறி நகரத்துக்கோ கப்பலேறி நியூயார்க்குக்கோ போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

கொச்சி யூதர்கள் யிட்டிஷ் பேசினார்களா? (வாசகர், நாகர்கோவில்)

இல்லை. மலையாளம். அதுவும் எபிரேயச் சொற்கள் கலந்த அழகான மலையாளம்.

ஹீப்ருதானே யூதர் மொழி? யிட்டிஷ் அதன் கிளையா? (மாணவி, திருச்சி)

கிளை இல்லை. எழுத்து எபிரேயம், வலமிருந்து இடம். உடம்பு ஜெர்மானியம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் ரைன் நதிக்கரையில் உருவானது. அதில் எபிரேய, அராமியச் சொற்களும், கிழக்கே நகர்ந்தபோது ஸ்லாவியச் சொற்களும் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். ஹீப்ரு பிரார்த்தனைக்கும் படிப்புக்கும், யிட்டிஷ் அடுப்படிக்கும் கடைத்தெருவுக்கும் என்று பாடப் புத்தகங்களில் பிரித்துச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஐசக் பாஷவிஸ் சிங்கர் 1978 இல் நோபல் வாங்கியது அடுப்படி மொழியில் எழுதித்தான்.

டியர்பார்ன் கார் திருவிழாவுக்கு அடுத்த ஆண்டு மகன் வீட்டுக்கு வரும்போது போகலாம் என்றிருக்கிறோம். எப்போது, எப்படிப் பார்ப்பது? கண்காட்சி என்றால் கயிறு கட்டித் தள்ளி நிற்கச் சொல்வார்களே? (தம்பதி, கோயம்புத்தூர்)

செப்டம்பரில், முதல் திங்களன்று வரும் லேபர் டே விடுமுறைக்கு அடுத்த சனி ஞாயிறில் வழக்கமாக நடக்கும். இடம் ஹென்றி ஃபோர்டு கட்டிய பழங்காலக் கிராமமான கிரீன்ஃபீல்டு வில்லேஜ். 1951 முதல் நடக்கிறது, அமெரிக்காவிலேயே நெடுங்காலமாக நடந்துவரும் பழைய கார் விழா இதுதான் என்று பெருமை பேசுவார்கள். 1890களிலிருந்து 1932 வரை செய்த வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. அதற்குப் பிந்தியவற்றுக்கு ஜூனில் தனி விழா இருக்கிறது. செப்டம்பரையே பிடியுங்கள்.

கயிறு கிடையாது, அதுதான் இதன் ருசி. வண்டிகள் நிற்பதில்லை, தெருவில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஐஸ்கிரீமும் கையுமாகச் சாலையைக் கடக்கும்போது 1910 ஆம் வருஷத்து வண்டி ஒன்று ‘பாங்க்’ என்று ரப்பர் ஹாரனைப் பிழிந்தபடி வரும், ஒதுங்க வேண்டும். நீராவி வண்டி வந்தால் சத்தமே இருக்காது, ‘ஸ்ஸ்’ என்று பின்னால் வந்து நிற்கும், திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். மின்சார வண்டியும் அப்படியே. 1907 முதல் 1939 வரை டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்று ஒரு கம்பெனி இருந்தது. உயரமான கண்ணாடிக் கூண்டு, உள்ளே மெத்தை சோபா, ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதில் படகுத் துடுப்பு மாதிரி ஒரு கம்பி. பெட்ரோல் கார் விற்று உலகப் பணக்காரரான ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது இந்த மின்சார வண்டியைத்தான். 1914 மாடல், அங்கே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், புகை இல்லை, ஆட்டம் இல்லை. அந்த அம்மாளுக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

சொந்தக்காரர்கள் மடக்கு நாற்காலி போட்டு, அந்தக் காலத்துத் தொப்பி, கவுன் சகிதம் வண்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். ‘என்ன விலை’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், முகம் சுருங்கிவிடும். ‘ஸ்டார்ட் செய்து காட்ட முடியுமா?’ என்று கேளுங்கள். எழுந்து நிற்பார். அதன்பின் உங்களை விட மாட்டார், ஜாக்கிரதை.

சனி இருட்டியதும் விளக்கு ஊர்வலம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். பழைய வண்டிகளின் ஹெட்லைட் மின்சாரம் அல்ல, அசிட்டிலின் வாயு. மாங்காயைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே கார்பைடு கல். படிக்கட்டுப் பலகைமேல் பித்தளைக் குடுவை ஒன்று இருக்கும், கல்லின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும், வாயு ரப்பர் குழாய் வழியாக விளக்குக்குப் போகும், தீக்குச்சி கிழித்து ஏற்றுவார்கள். அந்தப் பூண்டு வாடையை நம் ஊர் ராத்திரித் திருவிழாக் கடைகளில் முகர்ந்தவர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரியும். மகனுக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்.

வசதியான செருப்பு, தொப்பி, தண்ணீர். காலை வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள்.

ஃபோர்டின் மாடல் டி வண்டியை ஓட்டியிருக்கிறீர்களா? நான் அம்பாசடரும் லாரியும் ஓட்டியவன், எனக்கு ஓட்ட வருமா? (ஓய்வுபெற்ற ஓட்டுநர், சங்ககிரி)

உங்களுக்குத்தான் வராது அண்ணே! ஓட்டவே தெரியாதவன் சீக்கிரம் கற்றுக்கொள்வான்.

காலடியில் மூன்று பெடல் இருக்கும், நமக்குப் பழகிய மூன்று இல்லை. வலது ஓரம் பிரேக். நடுவில் ரிவர்ஸ். இடது பெடல்தான் விஷயம். முழுசாக மிதித்தால் லோ கியர், பாதியில் வைத்தால் நியூட்ரல், காலை எடுத்தால் டாப். அவசரத்தில் உங்கள் இடது கால் ‘கிளட்ச்’ என்று நினைத்து முழுசாக மிதிக்கும், வண்டி லோ கியரில் முன்னால் பாயும். ஆக்ஸிலேட்டர் காலில் கிடையாது, ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம் சின்னக் கம்பி. இடப்பக்கக் கம்பி தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதற்கு. இவை போதாதென்று தரையில் ஒரு கைப்பிடி, பின்சக்கரப் பிரேக்கும் நியூட்ரலும் அதில். கால் பெடல் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குள் சுழலும் உருளையை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். பட்டை தேய்ந்துபோய் இறக்கத்தில் பிரேக் ஏறாவிட்டால் அனுபவசாலிகள் ரிவர்ஸ் பெடலை மிதிப்பார்கள். அதுவும் ஒரு பட்டைதான், நிற்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை இன்று நான் வரைந்து கொடுத்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். ஆனாலும் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை, ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வயல் வரப்பில் வைத்தே சரி செய்யலாம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, தானாக வழிந்து இன்ஜினுக்குப் போக வேண்டும். டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்து மேடு வந்தால் பெட்ரோல் இறங்காது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏறுவார்கள்.

ஹேண்டில் போடுவது மட்டும் உங்களுக்குப் பழகிய வேலை. இடது கம்பியை மேலே தள்ளித் தீப்பொறியைப் பின்தள்ள வேண்டும். ரேடியேட்டர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சோக் வளையத்தை இழுத்துவிட்டு, இடது கையால் ஹேண்டிலைக் கீழிருந்து மேலே ஒரு கால் சுற்று வெட்டி இழுக்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். தீப்பொறியைத் தள்ள மறந்தால் ஹேண்டில் திருப்பி அடிக்கும், அந்தக் காலத்தில் மணிக்கட்டு உடைந்தவர்கள் ஏராளம்.

1908 அக்டோபரில் 850 டாலருக்கு வந்த வண்டி. இருபது குதிரைசக்தி. 1913 இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை வந்தபின், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் ஒன்றரை மணி நேரத்தில் தயாரானது. 1925 இல் விலை 260 டாலருக்கு இறங்கியது. 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது வண்டி வெளியே வந்ததும் நிறுத்திவிட்டார்கள். திருவிழாவில் ஒரு குழு மேடையில் மொத்த வண்டியையும் பிரித்துப் போட்டு, கூட்டம் கைதட்டக் கைதட்டச் சில நிமிடங்களில் பூட்டி ஓட்டிக்கொண்டு போகும்.

ஹென்றி ஃபோர்டு யூதர்களை வெறுத்தவர் என்று படித்தேன். யிட்டிஷ் பற்றியும் பேசிக்கொண்டு, அவர் கட்டிய இடத்தில் நடக்கும் திருவிழாவுக்கும் எப்படி ஐயா போகிறீர்கள்? (வாசகி, புதுச்சேரி)

நியாயமான கேள்வி. நீங்கள் படித்தது சரி. ‘டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்’ என்ற வாரப் பத்திரிகையை ஃபோர்டு வாங்கினார். 1920 மே 22 இதழிலிருந்து, உலகத்தின் கேடுகளுக்கெல்லாம் யூதர்களே காரணம் என்று தொடர் ஓடியது. 91 இதழ்கள், வாரம் தவறாமல். ஊர் ஊராக இருந்த ஃபோர்டு கார் டீலர்கள் தலையில் சந்தா கட்டப்பட்டது. ஆக, மாடல் டி போன இடமெல்லாம் அதுவும் போனது.

டெட்ராய்ட்டில் லியோ ஃப்ராங்க்ளின் என்று ஒரு யூத குரு. பெத் எல் கோயிலுக்குத் தலைவர். எடிசன் அவென்யூவில் ஃபோர்டுக்கு அண்டை வீட்டுக்காரராக இருந்தவர். ஃபோர்டு ஆண்டுதோறும் அவருக்குப் புது மாடல் டி அனுப்புவது வழக்கம். தொடர் ஆரம்பித்ததும் 1920 இல் வந்த வண்டியை அவர் கடிதத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஃபோர்டு போன் போட்டு, ‘நமக்குள் ஏதாவது மனத்தாங்கலா?’ என்று கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டது நிஜமென்றால், அந்த மனிதருக்கு உண்மையாகவே விளங்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது. ஹைலண்ட் பார்க் ஆலையையும் ரூஜ் ஆலையையும் அவருக்கு வரைந்து கொடுத்த ஆல்பர்ட் கான் ஜெர்மனியில் ஒரு யூத குருவின் மகனாகப் பிறந்தவர்.

வழக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டபின் 1927 கோடையில் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார், எழுதிக் கொடுத்தவர் யூத வழக்கறிஞர் லூயி மார்ஷல். ஆண்டுக் கடைசியில் பத்திரிகையும் மூடப்பட்டது. அதற்குள் அந்தக் கட்டுரைகள் நூலாகி ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தன. 1938 இல் தன் எழுபத்தைந்தாவது பிறந்தநாளில் ஹிட்லர் அரசின் விருதையும் வாங்கிக்கொண்டார்.

இனி அந்த இடம், கிரீன்ஃபீல்டு வில்லேஜ். 1929 இல் திறந்தது. எடிசனின் மென்லோ பார்க் ஆய்வகத்தை நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்து திரும்பக் கட்டினார். ரைட் சகோதரர்களின் வீட்டையும் சைக்கிள் கடையையும் ஒஹையோவிலிருந்து பெயர்த்து வந்தார். தான் பிறந்த பண்ணை வீட்டையும் பிற்பாடு அங்கேயே நகர்த்தினார். எங்கெங்கோ இருந்த கட்டடங்களைப் பொறுக்கிச் சேர்த்து, எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு ஊரை உண்டாக்கினார். குடியானவனைக் காரில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பியவர், குதிரை வண்டிக் கிராமத்துக்கு ஏங்கிக் கட்டிய ஊர் அது. பிராட்வேக்காரர்கள் டெவ்யேவுக்குக் கட்டிக் கொடுத்தார்களே, அதுவும் இதே ஜாதிதான். பழைய கிராமத்தை யாராவது ரொம்ப அழகாகக் காட்டினால், காட்டுகிறவர் அங்கே எதைக் கொண்டுவராமல் விட்டார் என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. நான் பார்த்தவரை, விழாவில் பித்தளை பளபளக்கிறது, அந்தப் பத்திரிகை கண்ணில் படுவதில்லை.

நான் போகிறேன். இன்ஜின் சத்தம் கேட்டால் எனக்குக் கால் நிற்காது. என் நண்பர் வரமாட்டார். எங்கள் பிரேக் எல்லாக் கம்பெனிக்கும் போகும், அவரும் சேர்ந்துதான் வரைந்தார். ஆனால் அவர் வீட்டுக் கொட்டகையில் ஃபோர்டு நின்றதே இல்லை, அப்பா காலத்திலிருந்தே அப்படி. நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அவரும் என்னைப் போகாதே என்று சொன்னதில்லை.

புரூக்ளினில் கறுப்புக் கோட்டு, ரோமத் தொப்பி, காதோரச் சுருள்முடியோடு பார்த்தேன். யிட்டிஷ் கலாச்சாரம் என்றால் அவர்கள்தானா? (வாசகர், சென்னை 33)

அவர்கள் ஹசீதிகள், மரபை இறுகப் பிடித்த யூதப் பிரிவினர். அந்த ரோமத் தொப்பி ஷ்ட்ரைமல், மணமானவர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் அணிவது. படுகொலையில் தப்பியவர்கள் போருக்குப் பின் வில்லியம்ஸ்பர்க், பரோ பார்க் பகுதிகளில் புதிதாக வேர் பிடித்தார்கள். லண்டன் ஸ்டாம்ஃபர்டு ஹில், ஆன்ட்வெர்ப், ஜெருசலேம் என்று வேறு இடங்களிலும் உண்டு. இன்று குழந்தை முதல் வார்த்தையை யிட்டிஷில் பேசுகிறதென்றால் பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான். பள்ளி வேனில் சண்டை, மருந்துக்கடைச் சீட்டு, வாடகைக்கு வீடு விளம்பரம் எல்லாம் யிட்டிஷ்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நாவல், நாடகம், கவிதை, தொழிற்சங்கம் என்று யிட்டிஷைக் கொண்டாடியவர்களின் பேரப்பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் நினைவு கூர்கிறார்கள். அந்த நாவலையும் நாடகத்தையும் வீட்டுக்குள் விடாதவர்கள் மொழியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரை வைத்துப் படம் வரைந்தாலும் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள்.

படங்களிலேயே மோசமானது போலந்து நினைவுப்பொருள் கடைகளில் தொங்கும். தாடிவைத்த யூதர் காசு எண்ணுகிற படம். வீட்டில் மாட்டினால் பணம் தங்கும் என்பது நம்பிக்கை. சனிக்கிழமை தலைகீழாகத் திருப்பினால் காசு கொட்டுமாம். அந்த ஊரின் முப்பது லட்சம் யூதர்கள் போன பிறகு சுவரில் மிஞ்சியது இது.

யூதர் சமையலில் இனிப்பு மீன் உண்டாமே, உவ்வே! (வாசகி, தூத்துக்குடி)

தூத்துக்குடிக்காரர் சொன்னால் மறுப்பேது. கெஃபில்ட்டே ஃபிஷ், அரைத்து உருட்டி வேகவைத்த நன்னீர் மீன். போலந்து, கலீசியா பக்கத்தவர்கள் சர்க்கரை போடுவார்கள், லித்துவேனியா பக்கத்தவர்கள் மிளகு. பெங்களூர் சாம்பாரில் வெல்லம் போட்ட கதைதான், அங்கேயும் இதற்காக மாமியார் மருமகள் சண்டை உண்டு. நான் மிளகுக் கட்சி.

தாத்தாவின் 1956 பியட் கொட்டகையில் கிடக்கிறது. இந்தியாவில் ‘விண்டேஜ்’ என்று பதிய முடியுமா? (வாசகர், மதுரை)

முடியும். 2021 இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதலில் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் ‘விஏ’ வரும். தினசரி ஆபீசுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும். புது பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். அதற்கு முன் கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், எதைத் தொட வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பிடிபடும்.

யிட்டிஷ் பத்திரிகைகளில் இந்த மாதிரிக் கேள்வி பதில் உண்டா? (வாசகி, சிவகாசி)

உண்டாவது! நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நியூயார்க்கில் 1897 இல் தொடங்கிய ‘ஃபோர்வெர்ட்ஸ்’ நாளிதழில், ஆசிரியர் ஆபிரகாம் காகன் 1906 இல் வாசகர் கடிதப் பகுதி ஆரம்பித்தார். கப்பலிலிருந்து இறங்கிய தையல் தொழிலாளிகள், வேலைக்காரப் பெண்கள், ஒண்டுக்குடித்தனக்காரர்கள் எழுதுவார்கள். ஊரில் விட்டுவந்த மனைவி, இங்கே புதிதாகக் காதலித்த பெண். நாத்திகனான மகன் அப்பாவுக்காகக் கோயிலுக்குப் போகலாமா? முதலாளியின் கை நீளுகிறது, வேலையை விட்டால் சோறு? எழுதத் தெரியாதவர்கள் வேறொருவரை வைத்து எழுதி அனுப்பினார்கள். பதில் சுருக்கமாக, சில சமயம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். அதற்கு முன்பே 1903 இல் ஒரு தகப்பன், பையன் பேஸ்பால் ஆடித் திரிகிறானே என்று எழுதியதற்கு, ஆடட்டும், நன்றாகவே ஆடட்டும் என்று காகன் பதில் எழுதினார்.

அதே பத்திரிகை இன்னொரு பகுதியும் நடத்தியது. மனைவி மக்களை விட்டுவிட்டு ஓடிப்போன கணவர்களின் புகைப்பட வரிசை. மீசை, டை, தொப்பி என்று ஸ்டூடியோவில் ஜோராக எடுத்துக்கொண்ட படங்கள். கீழே பெயர், ஊர், தொழில், அங்க அடையாளம். கண்டால் தகவல் சொல்லவும். கூரையும் வயலினும் வேண்டாம், அடுத்த காலண்டரை இந்த வரிசையை வைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன், நண்பர் மறுக்கவில்லை.

யிட்டிஷ் படிக்க ஆசை வந்துவிட்டது. வழி உண்டா? (மாணவர், தஞ்சாவூர்)

மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் யிட்டிஷ் புத்தக மையம் இருக்கிறது. 1980 இல் ஆரன் லான்ஸ்கி என்ற இருபத்து நான்கு வயது மாணவர், முதியவர்கள் இறந்ததும் பிள்ளைகள் குப்பையில் போடும் யிட்டிஷ் நூல்களை வேன் எடுத்துக்கொண்டு போய்ச் சேகரிக்க ஆரம்பித்தார். மொத்தமே எழுபதாயிரம்தான் தேறும் என்று அறிஞர்கள் கணித்திருந்தார்கள். அது ஆறே மாதத்தில் சேர்ந்துவிட்டது, பின்னால் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆயிரக்கணக்கான நூல்கள் அவர்கள் தளத்தில் இலவசம். டூயோலிங்கோவிலும் 2021 முதல் பாடம் உண்டு. எழுத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் போதும்.

விழாவுக்கு வந்தால் உங்கள் வீட்டில் தங்கலாமா சார்? (பெயர் வேண்டாம், காரைக்குடி)

தாராளமாக. சனிக்கிழமை காலை ஏழரைக்கு வண்டி கிளம்பிவிடும், இட்லி வழியில்தான். வரும்போது கொஞ்சம் உப்பு நார்த்தங்காய் கொண்டுவாருங்கள், இங்கே கிடைப்பது வாயில் வைக்க முடியவில்லை.